ஹார்ட் என்று எழுதிய டப்பா

பட்டர் பிஸ்கட் வந்த தகர டப்பா அது. மூடியில் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் நீல மையில் 'ஹார்ட்' என்று எழுதியிருக்கும். எழுதியது நான்தான். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி எழுதும். இப்போதும் கடையில் அந்த மாதிரி டப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த அலமாரிக்குப் போய்விடுவேன். பிஸ்கட் என்ன பாவம் செய்தது என்று என் கணவர் கேட்பார். பிஸ்கட் ஒரு பாவமும் செய்யவில்லை.

நாங்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரர்கள். எங்கள் மாதா கோயிலின் பின்புறம் ஒரு கூடம் உண்டு. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்ததும் அங்கே ஏழைகளுக்கு மருந்து கொடுப்போம். மருந்து எங்கிருந்து வரும் என்று கேட்டால், செத்தவர்கள் வீட்டிலிருந்து. எங்கள் பங்கில், அதாவது இந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், ஒருவர் இறந்தால், முப்பதாம் நாள் பூசைக்கு வரும்போது அவருடைய துணிமணிகளை வீட்டார் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். எந்த வருஷத்திலிருந்தோ துணியோடு மாத்திரையும் வர ஆரம்பித்தது. நல்ல மருந்து வீணாகப் போனால் பாவம் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. சோற்றைக் கொட்டினால் வருகிற அதே பாவம்.

மாதர் சபைத் தலைவிதான் இதற்கெல்லாம் பொறுப்பு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல மனசு, யோசனை மட்டும் கொஞ்சம் கம்மி. எனக்குக் கொடுத்த வேலை, காலாவதித் தேதி பார்த்துப் பிரிப்பது. உயிரியல் டீச்சர் என்பதால் வந்த பதவி. சுகர் ஒரு டப்பா, பிரஷர் ஒரு டப்பா, ஹார்ட் ஒரு டப்பா, காய்ச்சல் ஒரு டப்பா, எதிலும் சேராததற்கு 'மற்றவை' என்று ஒரு டப்பா. "டீச்சர் பாத்துட்டாங்க" என்று தலைவி ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரிசையில் நிற்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப்போவார்கள்.

அந்தக் கூடத்து நாற்றத்தை எப்படிச் சொல்வது. பாச்சை உருண்டை, ஒழுகிய இருமல் டானிக், நோயாளி மாதக்கணக்கில் படுத்திருந்த அறையின் காற்று, எல்லாம் அந்தப் பைகளுக்குள் அடைபட்டு வரும். திறந்தால் முகத்தில் அடிக்கும். டானிக்கில் ஒட்டிக்கொண்ட மாத்திரை அட்டைகளைப் பிய்த்தால் நடுவில் எறும்புகள் செத்துக் கிடக்கும். ஓர் அட்டையில் யாருடையதோ மஞ்சள் பூசிய கட்டைவிரல் ரேகை இருந்தது. ஒருமுறை மாத்திரைகளோடு ஒரு பல்செட்டே வந்தது. நான் அதைத் தூரப் போடப் போனேன். தலைவி கழுவித் துடைத்து, "இருக்கட்டும் டீச்சர், யாருக்காவது பொருந்தும்" என்று 'மற்றவை' டப்பாவில் வைத்தார். அன்றைக்கு நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

கோயிலில் எனக்கு அருவருப்புத் தந்த இன்னொருவர் கோயில்பிள்ளை. மணி அடிப்பவர், கதவு திறப்பவர், பலிபீடத்துக்குத் துணி மாற்றுபவர். அறுபதைத் தாண்டியவர். பெஞ்சில் சொட்டிய மெழுகை நகத்தால் சுரண்டுவார், சுரண்டிய கையாலேயே மூக்குப்பொடி போடுவார், அதே கையால் நமக்குப் பாட்டுப் புத்தகம் நீட்டுவார். நான் பங்குத் தந்தையிடம் ஒருமுறை புகார் சொல்லியிருக்கிறேன். அதற்குப்பின் அவர் எனக்கு மட்டும் புத்தகம் நீட்டுவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மாரடைப்பு வந்தது. பங்கே திரண்டு ஜெபம் செய்தது, நானும் செய்தேன். திரும்பி வந்து மறுபடி மெழுகு சுரண்டினார்.

என் இதயம் கெட்டது வகுப்பறையில். அதுவும் பத்தாம் வகுப்புக்கு இதயப் பாடம் நடத்தும்போது. நம்பினால் நம்புங்கள். மேலறையை வரைந்துவிட்டுக் கீழறைக்குக் கோடு இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு மூட்டை புறாக்களை அவிழ்த்து விட்டமாதிரி இருந்தது. சாக்பீஸ் கீழே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை.

மருத்துவர் கன்னடக்காரர். தமிழில் பேசுவார், நடுநடுவே கன்னடமும் ஆங்கிலமும் வந்து விழும். கேட்டால் பொறுமையாகச் சொல்வார், அது இந்தக் காலத்தில் பெரிய குணம். ஈ.சி.ஜி. தாளின் பின்பக்கம் பேனாவால் வரைந்து காட்டினார்.

"நோடி மேடம், இங்க பாருங்க, ஹார்ட்ல ஒவ்வொரு செல்லுக்கும் சின்னச் சின்னக் கதவு இருக்கு. கதவு திறந்தா சோடியம் உள்ள பாயும். அதுதான் கரண்ட். முழிச்ச செல் பக்கத்து செல்லை எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும். உங்களுக்கு மேல் ரூம்ல எவனோ ஒருத்தன் சும்னே கதவைத் தட்டிட்டு இருக்கான். இந்த மாத்திரை போய் கதவுல உக்காந்துக்கும். கதவு சட்டுனு திறக்காது. வம்பு பண்றவன் தட்டினா யாரும் எழுந்து வரமாட்டாங்க. ஒழுங்கா வர்ற தட்டுக்கு மட்டும் எழுந்திருப்பாங்க, அதுவும் கொஞ்சம் மெதுவா."

"மெதுவானா பரவாயில்லையா?"

"உங்களுக்குப் பரவாயில்ல. எக்கோ ஸ்கேன் பாத்துட்டுத்தான் குடுக்கறேன். உங்க ஹார்ட்ல தழும்பு இல்ல. அட்டாக் வந்த ஹார்ட்டுக்கு இதைக் குடுக்க மாட்டோம். குடுத்தா ஆளே போயிடலாம்."

டீச்சர் புத்தி சும்மா இருக்குமா. ஏன் என்று கேட்டேன். அவர் ஒரு தீவை வரைந்தார். மாரடைப்பில் செத்த தசை அப்படித்தான் தழும்பாகிக் கிடக்கும், கரண்ட் அதைச் சுற்றித்தான் போகவேண்டும். "உங்க மாதா தேர் செப்டம்பர்ல தெருவைச் சுத்துமே, அப்படி நெனச்சுக்கோங்க" என்றார். தேர் வேகமாகச் சுற்றிப் புறப்பட்ட தெருவுக்கே வந்தால், அந்தத் தெருக்காரர்கள் இன்னும் களைத்துக் கிடப்பார்கள். இழுக்க ஆள் வராது, தேர் அங்கேயே நின்றுவிடும், அதுதான் நல்லது. ஆனால் மாத்திரை தேரை மெதுவாக்கிவிடுகிறது. மெதுவாகச் சுற்றி வருவதற்குள் அந்தத் தெரு இளைப்பாறி எழுந்துவிடும். மறுபடி இழுக்கும். அப்புறம் அதை நிறுத்த யாரும் இல்லை. தழும்பைச் சுற்றிச் சுற்றி ஓடும், இதயம் ரத்தம் தள்ளுவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும்.

எனக்கு அந்த உதாரணம் மிகவும் பிடித்துப்போனது. அடுத்த வாரமே வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி அதை அழகாகப் படம் போட்டுக் கொண்டுவந்தாள், தேருக்குக் கொடியெல்லாம் வைத்து. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடக்கூடாது. நான் பாடமே நடத்தியவள்.

மாத்திரையின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது கடைக்குப் போய்க் கேட்பார்கள், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். வெள்ளையாக, சின்னதாக இருக்கும். புறாக்கள் அடங்கின. ஆனால் வாய் கெட்டது. எல்லோருக்கும் இப்படி வராது, உங்களுக்கு வந்திருக்கிறது என்றார் மருத்துவர். காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருப்பது போல இருக்கும். காபி இரும்பு, ரசம் இரும்பு, கொத்தமல்லிச் சட்னி துருப்பிடித்த இரும்பு. பல் தேய்த்தால் இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்கினால் அதுவும் ஒரு பழைய காசை வாயில் போட்ட மாதிரி. ஆண்டவரை வாங்கிக்கொண்டு முகம் சுளித்தவள் எங்கள் பங்கிலேயே நான் ஒருத்திதான் இருந்திருப்பேன். எட்டு மாதம் எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். என் உடம்பே எனக்கு வெறுத்துப்போயிற்று.

கடைசியில் தொடை வழியாகக் குழாய் விட்டு, வம்பு செய்த இடத்தைச் சுட்டுவிட்டார்கள். அதற்கப்புறமும் மூன்று மாதம் மாத்திரை போட்டேன், பிறகு நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திய நாலாம் நாள் காபி காபியாக இருந்தது. அடுப்படியில் நின்றபடியே இரண்டு டம்ளர் குடித்தேன்.

வீட்டில் ஆறு அட்டை மிச்சம். உடைக்காதவை, புத்தம் புதுசு, காலாவதிக்கு இன்னும் ஒன்றரை வருஷம். இரண்டாம் ஞாயிறு வந்தது. எறும்பு மொய்த்த குப்பைகளுக்கு நடுவில் என் ஆறு அட்டைகளை வைத்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பெருமையாக இருந்தது. கொடுத்தால் இப்படிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். ரப்பர் பேண்டு போட்டு, கூடவே ஒரு துண்டுச் சீட்டும் செருகியிருந்தேன். 'காலை 1, இரவு 1. சாப்பிட்ட பின்.' கரும்பலகைக் கையெழுத்து. தலைவி வாங்கிப் பார்த்து, "பாருங்க, இதுதான் தானம்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தேன், சந்தோஷமாக.

மருத்துவர் சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததா? வந்தது. டப்பாவை மூடும்போது வந்தது. காதருகே ஈ வந்தால் தட்டுவோமே, அப்படித் தட்டிவிட்டேன். கொடுக்கும்போது யாராவது பார்த்துக் கொடுப்பார்கள் என்று எண்ணினேன். அந்தக் கூடத்தில் பார்ப்பதற்கென்று இருந்த ஆள் நான் ஒருத்திதான்.

அந்த வாரமே, வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை, காலைப் பூசைக்குப் போனேன். எல்லோரும் கலைந்தபின் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கோயில்பிள்ளை முன் பெஞ்சில் மெழுகு சுரண்டிக்கொண்டே வந்தார். புகாருக்குப் பிறகு என்னிடம் பேசாதவர் அன்றைக்கு நின்றார்.

"டீச்சரம்மா, ரொம்ப தேங்க்ஸ்."

"எதுக்கு?"

"உங்க மாத்திரைக்கு. தலைவியம்மா குடுத்தாங்க. புதுசு, டீச்சரோடது, அவங்களுக்கும் ஹார்ட் உனக்கும் ஹார்ட், தைரியமா போடுன்னாங்க. எனக்கு நெஞ்சுல நடுவுல நடுவுல ஒரு துடிப்பு தடுக்கி விழும். அது சுத்தமா நின்னுபோச்சு. ரெண்டு வருசமா இப்பிடி நிம்மதியா இருந்ததில்ல." கை நகத்தில் இருந்த மெழுகை வேட்டியில் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணு. அஞ்சு நாளா வாயெல்லாம் இரும்பு. காபி குடிச்சா ஆணி ஊறவெச்ச தண்ணி மாதிரி இருக்கு. உங்களுக்கும் அப்பிடித்தானா?"

என் வாயிலிருந்து போன அந்த இரும்பு அவர் வாயில் இருந்தது.

"இனிமே அதைப் போடாதீங்க. எங்க இருக்கு, எடுங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்களா?"

"உங்களுக்கு அது ஆகாது."

"எனக்கு மாத்திரை நல்லாத்தான் ஆகுது டீச்சரம்மா. உங்களுக்குத்தான் என்னைக் கண்டா ஆகாது. அன்னிக்கே ஃபாதர்கிட்ட சொன்னவங்கதானே."

வாதம் செய்ய நேரமில்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். அதுவரை அவரை நான் தொட்டதில்லை. மெழுகுப் பிசுக்கும் மூக்குப்பொடியும் வியர்வையும். ஒரு மனிதனின் உயிர் போகுமோ என்று பயந்து நாடி பார்க்கும் அந்த நேரத்திலும் எனக்கு அருவருப்பு வந்தது. வந்ததை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி என்ன பயன். நாடி ஒழுங்காகத்தான் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்க வேண்டும், வரமுடியாது என்றார். மணியை ஃபாதர் அடிப்பார் என்று சொல்லி, என் மருத்துவரின் ஆஸ்பத்திரிக்குப் போக அவரை இழுக்காத குறையாக ஆட்டோவில் ஏற்றினேன். நீலசந்திரா சிக்னலில் ஆட்டோ நின்றபோது எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, சோடியம், தழும்பு, தேர்.

"நெஞ்சு நல்லாயிருக்கே" என்றார்.

"தடுக்கி விழற துடிப்பை அது நிறுத்திடும். அதனால நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கும். உள்ள ஓடற கரண்டை மெதுவாக்கிட்டு இருக்கும். தழும்பு உள்ளவங்களுக்கு அது சுத்த ஆரம்பிச்சா நிக்காது. டாக்டர் எனக்கு ஆரம்பத்துலயே சொன்னார்."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவர் என்னைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏதோ செய்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்த மருத்துவர் உட்காரவே இல்லை. ஊசிமுனையாக இருக்கவேண்டிய கோடுகள் அகன்று, உப்பி, அருவருப்பாக இருந்தன. கரண்ட் கீழறையைக் கடக்க வழக்கத்தைவிட எவ்வளவு அதிக நேரம் எடுக்கிறது என்பதற்கு அந்த அகலம்தான் சாட்சி. உடனே படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர் ஒட்டி, மானிட்டர் திரையைப் போட்டார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். நான் திரையைப் பார்த்தபடி கட்டிலின் காலடியில் நின்றேன்.

அரைமணி நேரம் போயிருக்கும். "டீச்சரம்மா, தலை சுத்துது" என்றார். திரையில் தேர் புறப்பட்டது. நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்த அதே தேர், ஒரே மாதிரி பெரிய பெரிய மலைகளாக, இடைவெளியில்லாமல். அவர் கண் மேலே சொருகியது, உதடு சாம்பல் நிறமானது. என்னை வெளியே தள்ளினார்கள். திரைச்சீலை முழுசாக மூடவில்லை. நெஞ்சில் ஷாக் கொடுத்ததும் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டதைப் பார்த்தேன். முடி கருகிய வாசனை வந்தது. வராந்தாவில் ஒரு வாஷ்பேசின் இருந்தது, அதில் காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தேன்.

அவர் பிழைத்தார். சட்டென்று சொல்லிவிடுகிறேன், உங்களைக் காக்கவைக்க மனமில்லை. மாத்திரை உடம்பைவிட்டு முழுசாக வெளியேறும்வரை மூன்று நாள் வைத்திருந்தார்கள். மறுநாள் மருத்துவர் கட்டிலருகே நின்று கேட்டார். தலைவியும் கையில் ஜெபமாலையோடு வந்திருந்தார். நான் ஜன்னலோரம்.

"இந்த மாத்திரை உங்களுக்கு யாரு குடுத்தது?"

தலைவி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"யாரும் குடுக்கல சார்" என்றார் கோயில்பிள்ளை. "நானே கடையில வாங்கினேன். தெரிஞ்சவர் ஒருத்தர் பேர் சொன்னாரு."

மருத்துவருக்குக் கோபம் வந்தது. அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. படிக்காதவங்க தொல்லை இதுதான், உன் இஷ்டத்துக்குக் கடையில வாங்கித் தின்னா நாங்க எதுக்கு இருக்கோம், இந்த மேடம் மட்டும் பாக்கலைன்னா இன்னிக்கு உன்னைப் பெட்டியில வெச்சிருப்பாங்க, என்றெல்லாம் சத்தம் போட்டார். என்னிடம் 'நீங்க' என்பவர் அவரிடம் 'நீ'க்கு மாறினார். கோயில்பிள்ளை நெஞ்சில் ஷாக் சுட்ட காயத்தோடு, "தப்புதான் சார், தப்புதான் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த அறையிலேயே நின்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரே வாக்கியம். திறக்கவில்லை.

வெளியே வந்ததும் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு டீச்சர் உங்க பேரெல்லாம். அவரே அப்பிடிச் சொல்லிட்டார். உங்களால தானே பொழச்சார்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குத் தந்தை அறிவிப்புகளுக்கு நடுவில், கோயில்பிள்ளையின் உயிரைக் காப்பாற்றிய நம் டீச்சருக்கு நன்றி என்றார். கைதட்டினார்கள். கோயிலுக்குள் கைதட்டக்கூடாது என்று எத்தனையோ முறை நான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நற்கருணை வாங்கினேன். இரும்பு போய்விட்டிருந்ததே, சுத்தமான கோதுமை ருசி. அந்த ருசியை விழுங்க முடியாமல் வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தேன். துரு என்னிடம்தான் இருந்தது, நாக்கில் அல்ல.

அன்று கூடத்துக்குப் போய் அந்த ஹார்ட் டப்பாவைக் கவிழ்த்தேன். மேசைமேல் விழுந்தவற்றில் எது யாரைக் காப்பாற்றும், எது யாரைக் கொல்லும் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் பார்த்ததெல்லாம் தேதியை மட்டும்தான். எல்லா டப்பாவையும் கட்டி எடுத்துப்போய் அழிக்கக் கொடுத்தேன். தலைவி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

கோயில்பிள்ளை வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். மணிக்கூண்டுக்குக் கீழே ஓர் அறை. கட்டில், ஸ்டவ், சுவரில் மாதா படம். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் தன் துண்டால் துடைத்துப் போட்டார்.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்றேன்.

"என்னத்த டீச்சரம்மா."

"டாக்டர்கிட்ட. கடையில வாங்கினேன்னு."

அவர் அலமாரியிலிருந்து தன் பொடி டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து, நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். 'காலை 1, இரவு 1. சாப்பிட்ட பின்.' ஆட்டோவில் மடியில் வைத்து அவர் செய்த காரியம் அதுதான்.

"அட்டையோட இருந்துச்சு. டாக்டர் பாத்தா உங்க கையெழுத்துன்னு தெரிஞ்சுரும்னு எடுத்து வெச்சேன்" என்றார். "நீங்க பசங்க முன்னாடி நிக்கறவங்க. நான் மெழுகு சொரண்டறவன். என்னைத் திட்டினா எனக்கு என்ன போச்சு."

அந்தக் கூடத்தில் எத்தனையோ நாற்றம் பிடித்திருக்கிறேன். இதைப்போல ஒன்று என் மூக்கில் ஏறியதில்லை. நாறியது அவர் சொன்னது அல்ல, அதைக் கேட்டு ஒரு நொடி எனக்குள் வந்த நிம்மதி. பிரச்சினை முடிந்தது, சீட்டும் கைக்கு வந்துவிட்டது, இனி யாருக்கும் தெரியாது என்று ஒரு நொடி நெஞ்சு இளகியதே, அதுதான்.

"அண்ணே, மன்னிச்சுடுங்க" என்றேன். அவரை நான் முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"நீங்க தெரியாமத்தானே குடுத்தீங்க" என்றார். கேள்வியா, எனக்கு அவர் நீட்டிய இன்னொரு நாற்காலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். உண்மையைச் சொல்லவேண்டிய இடம், அவரைச் சத்தம்போட்டுத் திட்டிய அந்த ஆஸ்பத்திரி.

மறுநாள் பள்ளி விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. மருத்துவர் சிரித்துக்கொண்டே, "ஏன் மேடம், மறுபடி படபடப்பா?" என்றார்.

சீட்டை மேசைமேல் வைத்தேன். மூக்குப்பொடி வாசனை வந்தது.

"அது அவர் கடையில வாங்கினது இல்ல. என்னோட மாத்திரை. நான் குடுத்தது. இது என் கையெழுத்து. அவர் ஃபைல்ல எழுதியிருக்கறதை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க."

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"மேடம், இது அட்டாக் வந்தவங்களுக்கு ஆகாதுன்னு நான் உங்ககிட்ட சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்ல அவரே எனக்கு வழி விட்டிருந்தார். கோயில்பிள்ளை விட்ட அதே வழி.

"மறக்கல" என்றேன்.